செருப்புத் தானம்

ரூய்பிங்கின் இடது காலிலிருந்து செருப்பு கழன்று விழுந்தது. விழுந்த பிறகும் பத்தடி நடந்துவிட்டாள். செருப்புத் தொழிற்சாலையின் ஒட்டுப் பிரிவிலிருந்து சாப்பாட்டுக் கூடத்துக்குப் போகிற வழி முழுக்க ஈரச் சிமெண்டுத் தரை, கார்த்திகைக் குளிர் கணுக்காலைக் கடிக்கிற காலம். அந்தத் தரையில் வெறுங்காலை வைத்தும் அவளுக்கு ஒன்றும் தெரியவில்லை. பின்னால் வந்த யுன்சியாதான் செருப்பைக் குனிந்து எடுத்தாள்.

"அடியே, செருப்பை எங்கடி விட்ட?"

"கால்லதானக்கா இருக்கு."

"என் கையில இருக்குடி."

ரூய்பிங் குனிந்து பார்த்தாள். "அட, ஆமா. இன்னொண்ணு இருக்கா பாரு. அதையும் எங்கயாவது தானம் பண்ணிட்டு வந்திருக்கப் போறேன்."

சாப்பாட்டு வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். யுன்சியாவுக்குச் சிரிப்பு வரவில்லை. போன வாரம் இவள் கையிலிருந்து பசைத் தூரிகை இரண்டு முறை நழுவியிருந்தது. முந்தாநாள் கக்கூசில் உட்கார்ந்தவள் எழுந்திருக்க முடியாமல் கத்தியிருக்கிறாள். பக்கத்து மேசை சோங்மெய் ஓடிப்போய்த்தான் தூக்கி நிறுத்தினாள். நாளுக்கு அறுநூறு ஜோடி பஞ்சுச் செருப்புக்கு அடி ஒட்டுகிறவளுக்குத் தன் காலில் செருப்பு இருக்கிறதா இல்லையா என்று தெரியவில்லை. இதைச் சொன்னால் யாராவது நம்புவார்களா?

இரண்டு பேரும் ஓரகத்திகள். சீனாவின் ஹெனான் மாகாணத்தில் ஒரே கிராமத்தில் அண்ணன் தம்பிக்கு வாழ்க்கைப்பட்டவர்கள். அண்ணனும் தம்பியும் வடக்கே கட்டட வேலையில் சாரம் ஏறிக்கொண்டிருந்தார்கள், பிள்ளைகள் ஊரில் விடுதிப் பள்ளியில் படித்தார்கள், இவர்கள் இரண்டு பேரும் கடலோரத்து வென்ஜோவில் செருப்பு ஒட்டினார்கள். ஒரு குடும்பம் மூன்று திசையில் கிடந்தால்தான் அடுப்பெரியும் என்றாகிவிட்ட காலம். கோதுமை விளைகிற இரண்டு துண்டு நிலம் ஒரு வருஷத்து மாவுக்குக் காணும், பள்ளிக் கட்டணத்துக்குக் காணாது.

முதலில் வந்தவள் யுன்சியா. ஊர்க் கிறிஸ்தவச் சபையில் ஒரு பெண்தான் சொன்னாள், வென்ஜோவில் பான் என்று ஒரு முதலாளி இருக்கிறார், பெரிய விசுவாசி, சபையில் மூப்பர், தொழிற்சாலைக் கூரையிலேயே சிலுவை வைத்திருக்கிறார், ஞாயிற்றுக்கிழமை காலையில் ஆராதனைக்கு விடுகிறார் என்று. கும்பிடப் போன தெய்வம் குறுக்கே வந்தது என்று யுன்சியா அன்றைக்கே மூட்டை கட்டிவிட்டாள்.

வேலைக்குச் சேர்ந்த நாள் அலுவலகத்தில் கணக்குப்பிள்ளை அம்மாள் ஒரு ஒப்பந்தத் தாளை எடுத்து மேசையில் வைத்தாள். வைத்தாள் என்பது முக்கியம். யுன்சியா அதைக் கையால் ஒதுக்கினாள்.

"நாமெல்லாம் கர்த்தருக்குள்ள ஒரே குடும்பம். அண்ணன் தங்கச்சிக்குள்ள பத்திரம் எதுக்கு?"

அவள் ஊர்ச் சபையில் அப்படித்தான் வழக்கம். விதைக் கோதுமை கொடுப்பார்கள், வாங்குவார்கள், ஒருத்தி பிள்ளைப்பேற்றில் கிடந்தால் மற்றவர்கள் அவள் வயலை அறுத்துக் கொடுப்பார்கள். எழுதிக் கொடு என்று விசுவாசியிடம் விசுவாசி கேட்டால் 'நீ பொய்யன்' என்று முகத்துக்கு நேரே சொன்ன மாதிரி. கணக்குப்பிள்ளை அம்மாள் சிரித்துக்கொண்டே தாளை இழுப்பறைக்குள் போட்டாள். அந்தச் சிரிப்புக்கு அர்த்தம் யுன்சியாவுக்கு மூன்று வருஷம் கழித்துத்தான் விளங்கியது. அடுத்த வருஷம் ரூய்பிங்கைக் கூட்டி வந்தபோது அவளையும் கேட்கவிடவில்லை. "பேப்பர் கீப்பர்னு கேட்டு என் மானத்தை வாங்கிராத" என்று ரயிலிலேயே சொல்லிவிட்டாள்.

மஞ்சள் பசையைக் குழைக்க, மேசையைத் துடைக்க, அடியில் வழிந்ததைச் சுரண்ட, எல்லாவற்றுக்கும் வெள்ளை எண்ணெய். பெயர்தான் எண்ணெய், தண்ணீர் மாதிரி இருக்கும், தொட்டால் சில்லென்று ஆவியாகிவிடும், வாசனை தலைக்கு ஏறும். குளிர்காலத்தில் ஜன்னலைத் திறந்தால் பசை சீக்கிரம் காயாது என்று எல்லா ஜன்னலையும் மூடி ஓரத்தில் துணி அடைத்திருந்தார்கள். முகத்துக்கு மெல்லிய துணி உறை ஒன்று, கைக்கு ஒன்றுமில்லை. முதல் மாதம் தலைவலிக்கும், அப்புறம் பழகிவிடும் என்று பழையவர்கள் சொல்வார்கள். பழகியது தலை. காலும் கையும் பழகவில்லை.

சோங்மெய் குய்ஜோ மலைக்காரி. ஆள் குள்ளம், முதுகு கல். விடுமுறை கேட்டு வாங்கிக்கொண்டு ரூய்பிங்கை முதுகில் ஏற்றி மூன்று மாடி இறக்கி, பேருந்தில் ஏற்றி, நகரத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அவள்தான் கொண்டுபோனாள். யுன்சியா பின்னால் செருப்புகளைக் கையில் பிடித்துக்கொண்டு போனாள்.

மருத்துவர் முழங்காலில் சுத்தியல் வைத்துத் தட்டினார். கால் அசையவில்லை. என்ன வேலை என்று கேட்டார். சொன்னதும் எழுதுவதை நிறுத்திவிட்டார்.

"நரம்பு போயிருக்கு. அந்த வெள்ளை எண்ணெய்தான். இவங்க மூணாவது ஆளு, இந்த வருஷம் இந்த மாதிரி வர்றது. உடனே வேலையை விடணும். வைத்தியம் பண்ணினா நடக்கலாம், ஒரு வருஷம் ரெண்டு வருஷம் ஆகும்."

"அவ்வளவு நாளுக்கு வைத்தியம்…"

"தொழில் நோய்னு சான்று வாங்கினா எல்லாம் முதலாளி பொறுப்பு. அதுக்கு உங்க தொழிற்சாலை ஒரு தாள் கொடுக்கணும். இவங்க இங்கே இத்தனை நாள் இந்த வேலை பார்த்தாங்கன்னு எழுதி, சிவப்பு முத்திரை குத்தி. ஒப்பந்தம் இருக்கா?"

யுன்சியா தரையைப் பார்த்தாள். ரூய்பிங் கட்டிலில் படுத்தபடியே பதில் சொன்னாள்.

"இருக்குங்க. பரலோகத்துல ஃபைல் பண்ணி வச்சிருக்கோம்."

பான் முதலாளியின் அறையில் தேயிலைத் தட்டு இருந்தது, சுவரில் மரச் சிலுவை இருந்தது, அதற்குக் கீழே கண்ணாடிப் பெட்டிக்குள் சிவப்பு முத்திரையும் மையும் இருந்தன. அவர் எழுந்து நின்று வரவேற்றார். தன் கையாலேயே தேநீர் ஊற்றிக் கொடுத்தார். ரூய்பிங்குக்காக அங்கேயே கண்ணை மூடி நீளமாக ஜெபம் பண்ணினார். ஜெபத்தில் அவர் குரல் தழுதழுத்தது. யுன்சியா உருகிப்போனாள். ஆனாலும் கேட்டாள்.

"ஐயா, அந்த முத்திரை வச்ச தாளு…"

"சகோதரி, தாளு எதுக்கு? நான் இல்லையா? விசுவாசிக்கு எதிரா விசுவாசி அரசாங்கத்துக்கிட்ட போறது கர்த்தருக்கே அவமானம் இல்லையா? அவிசுவாசிங்க நம்மளைப் பாத்துச் சிரிக்க மாட்டாங்களா?"

"உங்களுக்கு எதிரா இல்லைங்க. ஆஸ்பத்திரிக்கு."

"எல்லாம் ஒண்ணுதாம்மா. நீ ஜெபம் பண்ணு. நானும் பண்றேன்."

கையெட்டும் தூரத்தில் கண்ணாடிப் பெட்டி. மூடியைத் திறந்து ஒரு அழுத்து. ஒரு வாய் தேநீர் குடிக்கிற நேரம்கூட ஆகாது. அதைச் செய்யாமல் பரலோகத்துக்குக் கையைத் தூக்குகிற மனிதனை என்ன என்று சொல்வது? யுன்சியா அன்றைக்கு வெறுங்கையோடு படியிறங்கினாள். இன்னும் அவளுக்கு அவர் மேல் கோபம் வரவில்லை. தன் மேல்தான் வந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை மதியம் அவர்கள் அறைக்கு ஊர்வலம் மாதிரி வந்தார்கள். பான் முதலாளி, முதலாளியம்மா, போதகர் லின், சபைப் பெண்கள் நாலு பேர். இரண்டு கட்டில் போட்டால் நிற்க இடமில்லாத அறை. நாலு பேர் படியிலேயே நின்றார்கள். ஒரு மூட்டை அரிசி, ஒரு கேன் சமையல் எண்ணெய், சிவப்புப் பூப்போட்ட மெத்தைப் போர்வை. கடைசியாக முதலாளியம்மா ஒரு அட்டைப்பெட்டியைத் திறந்தாள். உள்ளே ஒரு ஜோடி பஞ்சுச் செருப்பு, உள்ளே ரோமம் வைத்தது, அவர்கள் தொழிற்சாலைச் சரக்கு.

"கால் குளிருமேன்னு மூப்பரே தேர்ந்தெடுத்தாரு" என்றாள்.

எல்லாரையும் சுற்றி நிற்கவைத்துப் படம் எடுத்தார்கள். ரூய்பிங் மடியில் செருப்பு, பக்கத்தில் அரிசி மூட்டை. பசுவைக் கொன்று செருப்பு தானம் செய்கிற கதையை நாம் கேள்விப்பட்டிருக்கிறோம். இங்கே செத்துக்கொண்டிருக்கிற பசுவுக்கே அந்தச் செருப்பை மாட்டிவிட்டுப் படமும் பிடித்துக்கொண்டார்கள்.

அவர்கள் போனதும் ரூய்பிங் செருப்பைத் திருப்பி அடியைப் பார்த்தாள்.

"அக்கா, இது நீ ஒட்டினது. குதிகால்கிட்ட தூரிகையைத் திருப்பித் திருப்பி இழுத்திருக்க பாரு. உன்னைத் தவிர யாரு இவ்வளவு பசையை வீணாக்குவா?"

"நல்லா ஒட்டினா குத்தமா?"

"அதுக்கில்ல. என் காலைத் தின்ன பசை யாரு பூசினதுன்னு இப்பத்தான் தெரிஞ்சுது."

விளையாட்டுக்குத்தான் சொன்னாள். யுன்சியாவுக்கு நெஞ்சில் குத்தியது. அடுப்புப் பக்கம் திரும்பி மாவைப் பிசைய ஆரம்பித்தாள்.

"அரிசியை என்ன பண்ணப் போற?" என்றாள் ரூய்பிங். "மூணு வருஷமா அவங்க சாப்பாட்டுக் கூடத்துல நீ அரிசிச் சோத்தை முகத்தைச் சுளிச்சுக்கிட்டே முழுங்கறதைப் பாத்திருக்காங்க. நமக்குக் கோதுமைதான் இறங்கும்னு ஒருத்தருக்குமா தெரியல?"

சாயங்காலம் சோங்மெய் வந்தாள். அவளும் விசுவாசிதான். வெளியூர்க்காரர்கள் கீழ்த்தள அறையில் தொலைக்காட்சிப் பெட்டியில் ஆராதனை பார்க்கிற கூட்டத்தைச் சேர்ந்தவள். மேலே கூடத்தில் நாற்காலிகள் உள்ளூர்க்காரர்களுக்கு. இவள் கையில் ஒரு பை கோதுமை மாவும் நாலு பூண்டும். கொடுத்துவிட்டு, ஜெபம் ஒன்றும் பண்ணாமல், ரூய்பிங்கை முதுகில் ஏற்றிக் கீழே கக்கூசுக்குக் கொண்டுபோனாள்.

மறுநாள் முதலாளியம்மா யுன்சியாவைத் தனியாகக் கூப்பிட்டாள்.

"கிறிஸ்துமஸ் ஆராதனையில நீ சாட்சி சொல்லணும். சபை உங்களுக்குச் செஞ்ச உதவியைப் பத்தி. மேல் கூடத்துல, எல்லார் முன்னாலயும்."

"நானா? எனக்குப் பேச வராதும்மா."

"எழுதியே தர்றோம். படிச்சாப் போதும். மூப்பர் மனசு குளிர்ந்தா…" அவள் குரலைத் தாழ்த்தினாள். "அந்தத் தாளைப் பத்தி நானே பேசறேன்."

யுன்சியா சரி என்றாள். ஒரு முத்திரைக்காக மேடையென்ன, மலையென்றாலும் ஏறியிருப்பாள்.

கிறிஸ்துமஸ் அன்று காலை கூடம் நிரம்பி வழிந்தது. ஒட்டுப் பிரிவுப் பெண்கள் பத்துப் பேருக்கு வெள்ளை அங்கி மாட்டிப் பாடகர் குழுவாக மேடையில் நிறுத்தியிருந்தார்கள். சோங்மெய்க்கு அங்கி தரையில் புரண்டது. முதல் வரிசையில் பான் முதலாளி கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார். அவருடைய ஆமென் அந்தச் சபையில் பிரசித்தம். யார் ஜெபித்தாலும், யார் சாட்சி சொன்னாலும், ஒவ்வொரு வாக்கியத்துக்கும் முதலில் விழுகிற ஆமென் அவருடையது. கூடம் முழுக்க அதன் பின்னால்தான் ஆமென் சொல்லும். அவர் பக்கத்தில் முதலாளியம்மா கைப்பேசியைத் தூக்கிப் பிடித்து, மேடையையும் கணவரையும் மாற்றி மாற்றிப் படம் பிடித்து, அதைத் துண்டு துண்டாகச் சபையாரின் கைப்பேசிக் குழுவுக்கு அனுப்பிக்கொண்டிருந்தாள்.

தாளை யுன்சியா கையில் மேடைப் படியில்தான் கொடுத்தார்கள். அவள் எழுத்துக்கூட்டிப் படிக்கிறவள். ஒலிபெருக்கி முன்னால் நின்று முதல் வரியை மெதுவாகப் படித்தாள். கர்த்தருக்கு நன்றி. இரண்டாவது வரி, அன்புள்ள சபைக்கு நன்றி. மூன்றாவது வரியில் விரலை வைத்தாள். 'ஊரிலிருந்து வரும்போதே கால் நோயோடு வந்த எங்கள் சகோதரி ரூய்பிங்கை…'

விரல் அங்கேயே நின்றுவிட்டது. இன்னொரு முறை படித்தாள். வரும்போதே. கால் நோயோடு. இதைத் தன் வாயால், நானூறு பேர் முன்னால், படம் பிடிக்கிற கைப்பேசிக்கு நேராகச் சொல்லச் சொல்கிறார்கள். அவர் வைக்காத முத்திரைக்குப் பதில் அவள் வாயால் ஒரு முத்திரை, நோய்க்கு அவர் பொறுப்பில்லை என்று. அரிசி எதற்கு, போர்வை எதற்கு, செருப்பு எதற்கு என்று அந்த ஒரு நிமிஷத்தில் அவளுக்குத் தெரிந்துவிட்டது. ஆடு நனைகிறதே என்று இந்த ஓநாய் மூன்று வாரமாக அழுதிருக்கிறது. காது மடல் வரைக்கும் கொதித்தது.

தாளை நாலாக மடித்தாள்.

"எனக்குப் படிக்க வரல. எங்க ஊர்ச் சபையில சாட்சி சொல்ற மாதிரி சொல்றேன். நாள் சொல்லணும், இடம் சொல்லணும், நடந்ததை நடந்தபடி சொல்லணும். அதுதான் எங்க வழக்கம்." மூச்சை இழுத்துக்கொண்டாள். "மூணு வருஷத்துக்கு முந்தி, மூணாம் மாசம், நான் மூப்பர் பான் தொழிற்சாலையில வேலைக்குச் சேர்ந்தேன். கர்த்தருக்கு ஸ்தோத்திரம்."

"ஆமென்!" என்றார் பான் முதலாளி. கூடமும் சொன்னது.

அந்தக் குரல் காதில் விழுந்ததும் யுன்சியா நிமிர்ந்தாள். கைப்பேசியைப் பார்த்தாள், மூடிய கண்களைப் பார்த்தாள்.

"அடுத்த வருஷம் என் ஓரகத்தி ரூய்பிங்கைக் கூட்டியாந்தேன். ரயிலடியிலேர்ந்து தொழிற்சாலை வரைக்கும் ரெண்டு மூட்டையைச் சுமந்துகிட்டு நடந்தே வந்தா. அந்தக் காலைக் கொடுத்தவருக்கு ஸ்தோத்திரம்."

"ஆமென்!"

"மூப்பர் எங்களை ஒட்டுப் பிரிவுல வச்சாரு. மஞ்சப் பசையும் வெள்ளை எண்ணெயும் எங்க கையில கொடுத்தாரு. வேலை கொடுத்ததுக்கு ஸ்தோத்திரம்."

"ஆமென்!"

ஊரில் அறுவடை ஜெபம் சொல்கிற ராகத்திலேயே சொன்னாள். வார்த்தையைக் கேட்பவர்கள் கொஞ்சம் பேர், ராகத்தைக் கேட்பவர்கள் நிறையப் பேர். போதகர் லின் மட்டும் நாற்காலி நுனிக்கு வந்துவிட்டார்.

"காலையில ஏழு மணியிலேர்ந்து ராத்திரி எட்டு வரைக்கும் அந்த எண்ணெயில கை வச்சோம். கையுறை இல்ல. காப்பாத்தினவருக்கு ஸ்தோத்திரம்."

"ஆமென்!"

"குளிர்ல பசை காயாதுன்னு மூப்பர் ஜன்னலையெல்லாம் அடைக்கச் சொன்னாரு. நாங்க கீழ்ப்படிஞ்சோம். ஸ்தோத்திரம்."

"ஆமென்" என்றார் பான். சொன்ன பிறகுதான் கண்ணைத் திறந்தார்.

"இப்ப ரூய்பிங்குக்குக் கால் இல்ல. இருக்கு, ஆனா அவளுக்குத் தெரியல. ஆஸ்பத்திரியில ஒரு தாளு கேட்டாங்க. முத்திரை வச்ச ஒரே ஒரு தாளு. மூப்பர்கிட்ட கேட்டேன். அரிசி கொடுத்தாரு. போர்வை கொடுத்தாரு. நாங்களே ஒட்டின செருப்பை எங்களுக்கே கொடுத்தாரு. தாளைக் கொடுக்கல. இதையும் சேத்துச் சொன்னாத்தான் சாட்சி."

நானூறு பேரும் முதல் வரிசையிலிருந்து வரவேண்டிய ஆமெனுக்குக் காத்திருந்தார்கள். அது வரவில்லை. முதலாளியம்மா கைப்பேசியைச் சடாரென்று மடியில் கவிழ்த்தாள்.

"ஆமென்."

பின்னால் பாடகர் வரிசையிலிருந்து வந்தது. தரையில் புரளும் அங்கிக்குள்ளிருந்து, சோங்மெய். ஒற்றைக் குரல். போதகர் லின் பாய்ந்து வந்து பாட்டைத் தொடங்கிவைத்தார்.

நடைக்கூடத்தில் பான் முதலாளி அவளை மறித்தார். முகம் சிவந்திருந்தது, குரலில் மட்டும் தேன்.

"சகோதரி, சாத்தான் உன்னை உபயோகப்படுத்திட்டான். பரவாயில்ல. நான் உன்னை மன்னிச்சுட்டேன்."

"மன்னிப்பை நீங்களே வச்சுக்குங்கய்யா. முத்திரையை வையுங்க."

"நாளைக்கு நீ வேலைக்கு வர வேண்டாம்."

"எந்த வேலைக்கு?" என்றாள் யுன்சியா. "நாங்கதான் உங்ககிட்ட வேலையே பார்க்கலையே. தாளுல எங்க இருக்கு?"

செய்தது சரியா, ரூய்பிங்குக்குக் கிடைக்க இருந்த கொஞ்சநஞ்சத்தையும் தன் வாய் கெடுத்துவிட்டதா என்று வழியெல்லாம் மனம் அடித்துக்கொள்ள யுன்சியா அறைக்கு வந்தாள். ரூய்பிங் போர்வைக்குள் கைப்பேசியோடு உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா, என் வாழ்க்கையில இப்பத்தான் ஒரு ஆராதனையை முழுசா முழிச்சிருந்து பார்த்தேன்."

"பார்த்தியா? எதுல?"

"குழுவுலதான். அந்தம்மா நாலு துண்டா அனுப்பிச்சுது. கடைசியில கை பதறி, கவிழ்த்த பிறகும் ஓடிக்கிட்டிருந்த அஞ்சாவதையும் அனுப்பிருச்சு. இப்பப் பாரு, எல்லாத்தையும் அழிச்சுட்டாங்க." கைப்பேசியை மார்போடு வைத்துக்கொண்டாள். "நான் வர வர எடுத்து வச்சுக்கிட்டேன். கால்தான்கா போச்சு, கட்டைவிரல் வேலை செய்யுது."

பிறகு சிரிப்பை நிறுத்தினாள். "அன்னைக்கு விளையாட்டுக்குச் சொன்னேன். பசை நீ பூசினதுதான். டப்பாவை வாங்கிக் கொடுத்தது நீ இல்ல." யுன்சியா அவள் காலைத் தன் மடியில் எடுத்து வைத்துக்கொண்டு அழுதாள். கண்ணீர் பட்டது அந்தக் காலுக்குத் தெரியவில்லை.

ஒரு வாரம் கழித்துத் தொழிலாளர் வழக்கு அலுவலகத்தில் மூன்றாவது மாடி. மேசைக்குப் பின்னால் இருந்த பெண் அதிகாரிக்கு முப்பது வயது இருக்கும், சளி பிடித்திருந்தது. ஒப்பந்தம் இல்லை என்றதும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள்.

"ஏம்மா, ஏன்தான் எல்லாரும் இப்படி இருக்கீங்க? ஒரு தாளு கேட்டு வாங்கத் தெரியாதா?"

"கேட்டா அவரு பொய்யர்னு ஆயிடும்னு நெனச்சோம்" என்றாள் யுன்சியா.

அதிகாரி கைப்பேசியை வாங்கி ஐந்து துண்டையும் வரிசையாகப் போட்டுப் பார்த்தாள். திரும்பவும் போட்டாள்.

"முன் வரிசையில உக்காந்திருக்கிறவர்தான் முதலாளியா? ஒவ்வொண்ணுக்கும் என்னமோ சொல்றாரே, என்ன அது?"

"ஆமென்."

"அப்படின்னா?"

யுன்சியா இருபது வருஷமாகச் சொல்லிவருகிற வார்த்தை. இதுவரை யாரும் அவளிடம் அர்த்தம் கேட்டதில்லை.

"'நீ சொன்னது உண்மை, அதுக்கு நானும் சாட்சி'ன்னு அர்த்தங்க."

அதிகாரி பேனாவை எடுத்தாள். வேலைக்குச் சேர்ந்தது, ஒப்புக்கொள்கிறார். ஒட்டுப் பிரிவு, ஒப்புக்கொள்கிறார். வெள்ளை எண்ணெய், ஜன்னல் அடைத்தது. மூக்கை உறிஞ்சிக்கொண்டே ஒவ்வொன்றாக எழுதினாள். கடைசித் துண்டில் நிறுத்தினாள்.

"இது மட்டும் போதும்னு நான் வாக்குக் கொடுக்க முடியாது. அவர் வக்கீல் வைப்பாரு. கூட வேலை பார்த்தவங்க யாராவது பேர் கொடுத்துச் சொல்லணும். யாரும் வர மாட்டாங்க, வந்தா வேலை போயிடும்னு எனக்கே தெரியும். இந்தக் கடைசி வாக்கியத்துக்கு ஒரு ஆமென் கேக்குதே, முதலாளி குரல் இல்லையே? பொம்பளக் குரல். யாரு இது?"

"சோங்மெய்ங்க. அவ வேலை அன்னைக்கே போயிருச்சு."

"எங்க இருக்காங்க இப்ப?"

"வெளியில பெஞ்சில" என்றாள் ரூய்பிங். "மூணு மாடி என்னைத் தூக்கிட்டு ஏறினதுல மூச்சு வாங்கிக்கிட்டு உக்காந்திருக்கா. கூப்பிடட்டுங்களா?"